விடும்போதுதான் வலிக்கிறது

“வலி எங்கேன்னு ஒரு விரலை வச்சுக் காட்டு,” என்றார் டாக்டர்.

டோக்கன் அக்கா திருதிருவென்று விழித்தாள். அரைநாள் லீவுக்காக வயிற்றுவலி என்று ஒரு சின்னப் பொய் சொன்னால், ‘சரி, வீட்டுல போய்ப் படு’ என்று அனுப்பிவிடுவார் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். தான் வேலை பார்ப்பது ஒரு டாக்டரிடம் என்பது அந்தக் கணக்கில் விட்டுப்போயிற்று.

கிளினிக்கின் முன்னறையில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு தகர டப்பா, டப்பாவுக்குள் எண் போட்ட டோக்கன்கள். எண்ணைக் கூப்பிட்டு ஆட்களை உள்ளே அனுப்புவது அவள் வேலை. பெயர் என்று ஒன்று அவளுக்கும் இருந்தது. கிளினிக்கில் அதை யாரும் செலவழித்ததில்லை. பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் அவள் டோக்கன் அக்கா.

“காலையில தொப்புளைச் சுத்தி இருந்தது சார். இப்ப வலது பக்கம் கீழே இறங்கிடுச்சு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முந்தின நாள் படித்த பாடம் அப்படியே வாயில் வந்துவிட்டது.

டாக்டரின் புருவம் ஏறியது. “சாப்பாடு?”

“பிடிக்கலை சார். நேத்துலேருந்தே.”

அதுவாவது உண்மை. பதினொரு மணிக்கு நேர்முகத் தேர்வு இருக்கும்போது யாருக்குச் சோறு இறங்கும்?

மருத்துவக் கல்லூரிக்கான நேர்முகத் தேர்வு அது. அதற்குத்தான் இந்த லீவு, இந்தப் பொய், இந்தத் திருட்டு முழி எல்லாம்.

அவளுக்கு முப்பது தொடப்போகிறது. பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டிய வருஷத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் பாரபட்சம் பார்க்காமல் ஃபெயிலானவள். அம்மா தையல்காரி. மகள்மேல் இருந்த நம்பிக்கையில், ரிசல்ட் வருவதற்கு முன்பே நல்ல துணியாகப் பார்த்து ஒரு வெள்ளைக் கோட்டு தைத்து வைத்திருந்தாள். ரிசல்ட் வந்தது. அம்மா திட்டவில்லை, அழவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டைப் பிரித்து இரண்டு தலையணை உறை தைத்தாள். துணியை வீணாக்குவது அவளுக்குப் பிடிக்காது. ஒரு உறையில் மட்டும் ஸ்டெதஸ்கோப் வைக்கிற பை அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அந்தப் பையில் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் டோக்கன் அக்கா இத்தனை வருஷமும் தூங்கினாள்.

திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

பிறகு டோக்கன் டப்பாவுக்கு அடியில் புத்தகத்தை வைத்துப் படித்தாள். இரண்டு எண்களுக்கு நடுவே அரைப் பக்கம். ஃபெயிலான பாடங்களையெல்லாம் மறுபடி எழுதித் தேறினாள். நுழைவுத் தேர்வு எழுதினாள், தோற்றாள். அப்போது ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால், தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் “டாக்டரம்மா, ஊசி கையிலயா, இடுப்பிலயா?” என்று கேட்டான். டாக்டரும் தன் பங்குக்கு, “டோக்கன் கூப்பிடறவங்க எல்லாம் டாக்டராயிட்டா, டோக்கனை யாரும்மா கூப்பிடறது?” என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே தங்கிவிட்டது.

அதனால் இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லை, அம்மாவிடம்கூட. தேறியாயிற்று, நேர்முகத் தேர்வு மட்டும்தான் பாக்கி. இந்த வருஷம் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் தலையணை உறை தலையணை உறைதான்.

“படு,” என்றார் டாக்டர்.

படுத்தாள். அவர் வயிற்றை மெதுவாக அமுக்கினார். சட்டென்று கையை எடுத்தார்.

“எப்ப வலிக்குது? அமுக்கும்போதா, விடும்போதா?”

‘அமுக்கும்போது’ என்று சொல்லியிருந்தால், ஏதோ வாயு என்று ஒரு மாத்திரையோடு அனுப்பியிருப்பார். ஆனால் டோக்கன் அக்காவுக்கு ஒரு கோளாறு உண்டு. கேள்வித்தாளைப் பார்த்துப் பார்த்து ஒன்றுமே தெரியாமல் உட்கார்ந்திருந்த பெண் அவள். பதில் தெரிந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டுவிட்டால், தப்பாகச் சொல்ல அவளுக்கு நாக்கு வராது.

“விடும்போதுதான் வலிக்குது சார்.”

“குடல்வால்!” என்று எழுந்தார் டாக்டர். “கிளம்பு, பெரிய ஆஸ்பத்திரிக்கு!”

“சார், அவ்வளவெல்லாம் இல்லை சார். வீட்டுக்குப் போய்ப் படுத்தா…”

டாக்டர் அவள் வாயில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்துப் பார்த்தார். “வாயைத் திறக்காதே. காய்ச்சல் வேற அடிக்குது.”

காலையில் வெந்நீர் குடித்தது தெர்மாமீட்டரில் தெரிந்துவிட்டது என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். லீவு என்றால் முகத்தைச் சுளிக்கிற மனிதர், தன் காரை எடுத்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, “வலிக்குதாம்மா? வலிக்குதாம்மா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நல்லவரிடம் உண்மையைச் சொல்லியே லீவு கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. ஆனால் அந்தப் பழைய சிரிப்பு ஞாபகத்துக்கு வந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது.

ஒரே ஆறுதல், பெரிய ஆஸ்பத்திரியும் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகம். போக வேண்டிய இடத்துக்கே ஓசியில் போய்க்கொண்டிருந்தாள்.

ஆறுதல் வாசல் வரைக்கும்தான். டாக்டர் அங்கிருந்த சர்ஜனிடம் அவளை ஒப்படைத்து, அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, “உங்க பொண்ணை அறுக்கப் போறாங்க, ஒண்ணும் பயப்படாதீங்க,” என்று தைரியமும் சொல்லிவிட்டு கிளினிக்குக்குத் திரும்பினார். சர்ஜனும் அதே கேள்விகளைக் கேட்டார். டோக்கன் அக்கா அதே பதில்களைச் சொன்னாள். “பாடப் புத்தகத்துல இருக்கற மாதிரியே சொல்றியேம்மா,” என்று அவர் பாராட்டியபோது, பாவி மகளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமைக்குக் கூலி உடனே கிடைத்தது. அவளுடைய நல்ல உடுப்பை வாங்கிப் பீரோவில் பூட்டினார்கள். முதுகில் நாடா கட்டுகிற ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிவிட்டார்கள். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் ஆபரேஷன் என்றார்கள்.

ரத்தம் பொய் சொல்லாது, ரிசல்ட் வந்தால் குட்டு உடைந்துவிடும், தன்னை விட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதுவரை பதினொரு மணி காத்திருக்காது. ஜன்னலுக்கு வெளியே, புல்தரைக்கு அந்தப் பக்கம், கல்லூரிக் கட்டடம் தெரிந்தது. மாணவர்கள் வெள்ளைக் கோட்டில் படியேறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கோட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எதற்கோ சிரித்தபடி போனாள். இத்தனை வருஷமாக ஆசைப்பட்ட ஒன்றை ஒருத்தி எவ்வளவு அலட்சியமாகச் சுருட்டிப் பிடித்திருக்கிறாள் என்று டோக்கன் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்துவிட்டது. வயிற்றுக்குள் என்னவோ பிசைந்தது.

இனிமேல் பொய் உதவாது என்று முடிவு செய்து நர்ஸைக் கூப்பிட்டாள்.

“சிஸ்டர், எனக்கு வலி சுத்தமாப் போயிடுச்சு. நான் கிளம்பறேன்.”

நர்ஸ் ஊசித் தட்டோடு அப்படியே நின்றாள். “திடீர்னா போச்சு?”

“ஆமா.”

“ஐயையோ! குடல்வால் வெடிச்சாத்தான் திடீர்னு வலி போகும்!”

அதுவும் புத்தகத்தில் இருந்ததுதான். டோக்கன் அக்கா தலையில் அடித்துக்கொள்வதற்குள் நர்ஸ் அவள் கையைப் பிடித்து ஊசியைக் குத்தி டேப் ஒட்டினாள்.

“சிஸ்டர், சத்தியமா எனக்கு ஒண்ணுமே இல்லை. நான் பொய் சொன்னேன்!”

“ஆபரேஷன்னதும் எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. போன வாரம் ஒருத்தர் தான் நோயாளியே இல்லை, பார்க்க வந்தவர்னு சொன்னார்.” நர்ஸ் அவள் தோளை அமுக்கிப் படுக்க வைத்தாள். “தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. கட்டிலை விட்டு இறங்கினா, காலைக் கட்டிப்போட்டுடுவேன்.”

சிஸ்டர் குளுக்கோஸ் பாட்டில் எடுக்கப் போன நேரத்தில், ஒருவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றான். மாணவன். ஆனால் மாணவன் என்று சொல்கிற வயதைக் கடந்து கொஞ்ச தூரம் வந்திருந்தான். நெற்றியில் வியர்வை.

“அக்கா, எனக்கு இன்னிக்குச் செய்முறைப் பரீட்சை. உங்களைத்தான் எனக்குக் கொடுத்திருக்காங்க. நான் பார்த்துட்டு, உங்களுக்கு என்னன்னு எக்ஸாமினர்கிட்ட சொல்லணும்.” சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “மூணாவது தடவை எழுதறேன்க்கா. ரெண்டு தடவையும் ஃபெயில். உங்களுக்கு என்ன நோய்னு டாக்டர் சொன்னதை என்கிட்ட சொல்லிடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

ஃபெயில் என்ற சொல்லைக் கேட்டதும் டோக்கன் அக்காவுக்கு அவன்மேல் சொந்தத் தம்பிபோல் பாசம் வந்துவிட்டது.

“முதல்ல தொட்டுப் பாருங்க தம்பி. அப்புறம் சொல்றேன்.”

அவன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் வைத்தான். அமுக்கினான்; எடுத்தான். அவள் துள்ளிவிட்டாள்.

“உங்களுக்கு வேர்க்குதே அக்கா.”

“பயம்.”

“காய்ச்சலா இருக்கே.”

“வெந்நீர் குடிச்சேன். தம்பி, இங்க பாருங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு ஒண்ணுமே இல்லை. நான் நடிக்கிறேன்.”

விஷயம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கேட்கக் கேட்க அவன் முகம் தொங்கிப்போயிற்று.

“ஏங்க்கா, ஒரு வார்டு முழுக்க நிஜமான நோயாளிங்க இருக்காங்க. என் தலையெழுத்து, நடிக்கிறவங்களா வந்து வாய்க்கணுமா?”

“ஒண்ணுமில்லை, நார்மல்னு சொல்லிடுங்க, பாஸாயிடலாம். அதுக்குப் பதிலா எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. உங்க கோட்டைக் கொடுங்க. கோட்டுப் போட்டவங்களைச் சிஸ்டர் தடுக்க மாட்டாங்க.”

“கோட்டு இல்லாம போனா எக்ஸாமினர் என்னை வாசல்லயே…” என்று இழுத்தவன், தோள்பையைத் திறந்தான். “சரி, இன்னொண்ணு இருக்கு. ரெண்டு தடவை ஃபெயிலானவன்கிட்ட எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கும்.”

கோட்டைக் கொடுத்துவிட்டுத் தன் விரல்களையே ஒருமுறை பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன், சொல்லாமல் நின்றான். அவள் அதைக் கவனிக்கவில்லை. ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டிருந்தாள்.

இத்தனை வருஷத்தில் அவள் முதல்முறையாக ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டாள், அதுவும் நாடா கட்டிய ஆஸ்பத்திரி அங்கிக்கு மேலே. கோட்டு முழங்கால் வரை தொங்கியது. தோள் முழங்கைக்கு இறங்கியது. ஆனாலும் பொத்தான்களை ஒன்றுவிடாமல் போட்டுக்கொண்டாள். ஊசி குத்திய கையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வார்டைத் தாண்டினாள். வாசல் காவலாளி எழுந்து நின்று, “வணக்கம் டாக்டர்,” என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு நடந்தாள். நிமிர்ந்து நடக்கத்தான் ஆசை. எப்போதும் இல்லாத கூச்சத்தில் உடம்பு முன்னால் வளைந்தது.

தாழ்வாரத்தின் பாதியில், பின்னாலிருந்து யாரோ ஓடிவந்து கோட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

“டாக்டரம்மா! டாக்டரம்மா! என் பொண்ணைக் கட்டில்ல காணோம்! ஆபரேஷன்னு சொன்னாங்க. கொஞ்சம் பாருங்கம்மா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்…”

டோக்கன் அக்கா திரும்பினாள்.

அம்மா. கக்கத்தில் ஒரு தலையணை. வெள்ளை உறை, அதில் ஒரு பை.

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

“அம்மா, எனக்கு ஒண்ணுமில்லைம்மா. பொய் சொல்லிட்டு வந்தேன். அங்க… காலேஜ்ல… நேர்முகத் தேர்வும்மா. இதுதான் கடைசி வருஷம். தேறினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். இன்னொரு தடவை உன் முன்னாடி தோத்துட்டு வந்து நிக்க முடியாதும்மா.”

அம்மாவின் உதடு ஒருமுறை கோணியது. அவள் தலையணையை மகளிடம் கொடுத்தாள். கழுத்தோரத்தில் எப்போதும் குத்தி வைத்திருக்கிற குண்டூசிகளில் இரண்டை எடுத்தாள். மகளைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

“தோள் இறங்குது,” என்றாள். “எவன் தைச்சான் இதை? அசையாம நில்லு.”

ஒரு மடிப்பு அந்தப் பக்கம், ஒரு மடிப்பு இந்தப் பக்கம். கோட்டு உடம்போடு பொருந்தி நின்றது. அம்மா இரண்டடி பின்னால் போய் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே டோக்கன் அக்கா இத்தனை வருஷம் படித்திருக்கிறாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“போ,” என்றாள் அம்மா. “தலையணையை என்கிட்ட கொடுத்துட்டுப் போ.”

அம்மாவின் போன் அடித்தது. டாக்டர். “ஆபரேஷன் ஆயிடுச்சாம்மா? அவ நல்லா இருக்காளா? கண் முழிச்சதும் டோக்கன் டப்பாவை எங்க வச்சான்னு மட்டும் கேளுங்க. இங்க எல்லாரும் நான்தான் முதல்ல, நான்தான் முதல்லன்னு அடிச்சுக்கறாங்க.”

கல்லூரியில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இன்னும் சேரவே இல்லை, அதுக்குள்ள கோட்டா? கழற்றி மாட்டிட்டு உட்காரும்மா.”

“கழற்றினா நல்லா இருக்காது மேடம்,” என்றாள் டோக்கன் அக்கா. முதுகில் வெறும் நாடா. மூன்றுபேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பள்ளிப் பரீட்சையில மூணு பாடத்துலயும் ஃபெயில். யாரோட மார்க் இது?”

“என்னோடதுதான் மேடம். யாரும் உதவி பண்ணலை.”

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். தலைவி சிரிக்கவில்லை. “அதோட விட்டிருக்கலாமே. ஏன் விடலை?”

“விட்டுப் பார்த்தேன் மேடம். விடும்போதுதான் வலிச்சுது.” கோட்டுப் பைக்குள் அவள் கை இறுகியது. “நான் ஒரு கிளினிக்ல டோக்கன் கூப்பிடறேன். நம்பரைச் சொன்னா ஒருத்தர் எழுந்து உள்ளே போவார். கதவு மூடிக்கும். திரும்பி வரும்போது முகம் மாறியிருக்கும். உள்ளே என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா எல்லாரையும் உள்ளே அனுப்பிட்டு, நான் மட்டும் வெளியவே உட்கார்ந்திருக்கேன். என் நம்பரை யாராவது ஒருநாள் கூப்பிட மாட்டாங்களான்னு இருக்கு மேடம்.”

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“கடைசியா ஒரு கேள்வி. நோயாளி வாயால ஒண்ணு சொல்றார். ஆனா அவர் பொய் சொல்றார்னு உனக்குத் தோணுது. என்ன செய்வே?”

டோக்கன் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விஷயம் வெளியே வந்துவிட்டதோ? நெற்றியில் வியர்வை வழிந்தது. ஆனால் பதில் தெரிந்த கேள்வி. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அவர் சொல்றதைக் கேட்டுக்குவேன் மேடம். அப்புறம் கையை வச்சுப் பார்ப்பேன். வாய் ஒண்ணும் கை ஒண்ணும் சொன்னா, கையைத்தான் நம்புவேன்.”

தலைவி எதையோ எழுதினார். மற்ற இருவரும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

“முறைப்படி பிறகு அறிவிப்பு வரும். அதுக்குள்ள ஒண்ணு மட்டும் செய். பணிவு வேண்டியதுதான், ஆனா வந்ததுலேருந்து இப்படிக் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கியே. வகுப்புக்கு வரும்போது நிமிர்ந்து உட்காரக் கத்துக்கிட்டு வா.”

வெளியே பெஞ்சில் அம்மா தலையணையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மகளைப் பார்த்ததும் எழுந்தாள். கேட்கப் பயந்துகொண்டு கேட்டாள்.

“என்னடி சொன்னாங்க?”

“வகுப்புக்கு வரும்போது… நிமிர்ந்து உட்காரச் சொன்னாங்கம்மா.”

அம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றைக்கு அழாத அழுகை எல்லாம் இப்போது வந்தது. டோக்கன் அக்காவும் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். சாய்ந்தவளுக்கு நிமிர வரவில்லை.

“உறையைப் பிரிச்சு மறுபடி கோட்டாவே தைச்சுடலாமா அம்மா?”

“சீ, அது பழசு. உன் தோளும் இப்ப அந்த அளவு இல்லை,” என்று மூக்கை உறிஞ்சினாள் அம்மா. “புதுத் துணி எடுப்போம். ஏண்டி, உடம்பு ஏன் இப்படிக் கொதிக்குது?”

“வெந்நீர் குடிச்சேன்ம்மா.”

அப்போது தாழ்வாரத்தின் கோடியில் சக்கர நாற்காலி ஒன்று தடதடவென்று வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவன் அந்த மூன்றாம் தடவை மாணவன். கோட்டுப் பொத்தான் எல்லாம் கழன்றிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

“அக்கா, நான் பாஸ்! நீங்க நடிக்கிறதாச் சொன்னதை நம்பாம என் கை சொன்னதைத்தான் எக்ஸாமினர்கிட்ட சொன்னேன். ரத்த ரிசல்ட்டும் அதையேதான் சொல்லுது. சீக்கிரம் உட்காருங்க, ஆபரேஷன் தியேட்டர்ல உங்க டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க!”